ஈய வாசனை

காகாஞ், அக்டோபர் 8

அன்புள்ள நிஹாத் அண்ணாவுக்கு,

சலாம். நான் நல்லா இருக்கேன். அம்மாவும் நல்லா இருக்கா, முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே வலிக்க ஆரம்பிச்சுடுது. உன் சளி விட்டுதா?

ஞாயித்துக்கிழமை ஜெயில் போன்ல உனக்குக் குடுக்கற பத்து நிமிஷத்தையும் அம்மா அழுதே தீத்துடறா. அதான் பேப்பர்ல எழுதறேன். ஸ்கூலை விட்டப்புறம் இவ்வளவு நீளமா எழுதறது இதான் முதல் தடவை. பிழை இருந்தா வாயை மூடிட்டுப் படி.

விஷயம் இதான். பெரிய வண்டி லைசென்ஸுக்குச் சேந்துட்டேன், டிரெய்லரோட. ரெண்டு வருஷமா லாரி கழுவறேன் அண்ணா. அடுத்தவன் கண்ணாடியை நான் துடைக்கறேன், அவன் ஏறி உக்காந்து லுப்லியானா போறான், நான் பைப்பைப் பிடிச்சுக்கிட்டு ஈரக்காலோட நிக்கறேன். எங்ககிட்ட வண்டி கழுவ விடற ஸ்லோவேனியாக்காரர் ஒருத்தர், மே மாசத்துக்குள்ள லைசென்ஸோட வந்தா வேலை தரேன்னுட்டார். இதை விட்டா நான் சாகற வரைக்கும் பைப்புதான்.

டாக்டர் சான்றிதழும் வாங்கியாச்சு. கண்ணு, காது, ரத்தம். அப்புறம் ஒரு பொட்டி முன்னாடி உக்கார வெச்சாங்க, சிவப்பு எரிஞ்சா வலது கால், பச்சை எரிஞ்சா இடது கை. கடைசியா நரம்பு டாக்டர், பேப்பர்லேந்து தலையைத் தூக்கவே இல்ல.

“மயக்கம், நினைவு தப்பறது ஏதாவது?”

“இல்ல.”

“குடும்பத்துல?”

“இல்ல.”

டொப்புன்னு முத்திரை. பொய் இல்லையே? பன்னெண்டு வயசுல நாய் துரத்தி நான் விழுந்தது ஸ்ட்ராவாதானே, பயம் உள்ள புகுந்துக்கறது. அது நோயா என்ன? டயர் கடையில வாங்கின ஈயத்தை ஹைரியா அத்தை காய்ச்சி, என் தலைக்கு மேல சிவப்புத் துணி பிடிச்சு, தண்ணியில ஊத்தினா. ஈயம் நாய் மாதிரியே உறைஞ்சுது, பயம் போயிடுச்சு. உனக்கும் அப்படித்தான் போச்சு.

நீ பயப்படுவேன்னு தெரியும். ரோட்டு வேலை பாத்துக்கிட்டிருந்து உன் வண்டியில அடிபட்டுச் செத்த அந்த ரெண்டு பேரை நானும் மறக்கல. நீ ஒரு நிமிஷம் தூங்கினே, நாலு வருஷம் குடுத்துட்டாங்க. நான் தூங்க மாட்டேன். போலீஸ் அனுப்பின உன் சாமான்ல, அத்தை உனக்கு ஊத்தி, உன் வண்டியில தொங்கின ஈயத்துண்டும் இருந்துது. அதை அம்மா எனக்குன்னு எடுத்து வெச்சிருக்கா.

உன்னை அல்லாகிட்ட ஒப்படைச்சு முடிக்கறேன்.
ஜெரினா

*

அக்டோபர் 27

அன்புத் தங்கை ஜெரினாவுக்கு,

என் உடம்புக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உங்கள் இருவருக்கும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதம் கிடைத்தது. நீ எடுத்த முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. இது உடம்பைத் தின்னும் வேலை. பேக்கரியில் ஆள் எடுப்பதாக அம்மா சொன்னாள். அங்கே கேட்டுப் பார்.

நீ நன்றாகத் தூங்குகிறாயா? காலையில் எழுந்ததும் நாக்கு வலிப்பதுண்டா? பன்னிரண்டு வயதுக்குப் பிறகு ஹைரியா அத்தையை மறுபடி கூப்பிட வேண்டி வந்ததா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுது. இங்கே வருகிற, போகிற கடிதங்களை ஒருவர் திறந்து படித்துவிட்டுத்தான் விடுவார். அதை மனதில் வைத்துக்கொள்.

அந்த ஈயத்துண்டைத் தொங்கவிடாதே. ஆற்றில் போடு.

அம்மாவின் முழங்காலுக்கு முட்டைக்கோஸ் இலை கட்டவும்.
அண்ணன் நிஹாத்

*

காகாஞ், நவம்பர் 9

அண்ணாவுக்கு,

சலாம். எல்லாரும் சௌக்கியம். முட்டைக்கோஸ் கட்டினோம், அம்மா அதை அவுத்து சூப்ல போடாத குறை.

நீ ஏன் கோர்ட்டுக்கு மனு போடற மாதிரி எழுதற? படிக்கறவர் ஒருத்தர் இருந்தா இருக்கட்டுமே. ஐயா, எங்க அண்ணன் சாதாரணமா இப்படிப் பேசற ஆள் இல்ல.

பேக்கரியாம்! நீ இருபத்தோரு வயசுல வண்டி எடுத்தப்போ தெருவே வந்து கை தட்டுச்சு. நான் எடுத்தா மாவு பிசையணுமா?

உன் கேள்விக்கு: தூக்கம் நல்லா வருது. நாக்கு எப்பவாவது வலிக்கும், எல்லாருக்கும் வலிக்காதா? அத்தையை மறுபடி கூப்பிடல. போதுமா?

எழுத்துப் பரீட்சை பாஸ். நூத்துக்குத் தொண்ணூத்தாறு! எங்க டீச்சருங்க கேட்டா மயங்கி விழுவாங்க.

பதில் போடு, மனுஷன் மாதிரி.
ஜெரி

*

டிசம்பர் 22

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். தாமதத்துக்கு வருந்துகிறேன். கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பதறாதே. மேல் கட்டிலின் ஏணியில் வழுக்கி விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல என் அறையில் இருக்கும் வெசோ எழுதுகிறார்.

பரீட்சையில் நல்ல மதிப்பெண். சந்தோஷம். அதோடு நிறுத்திக்கொள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

இப்படிக்கு, நிஹாத்

தங்கச்சி, இது நான் வெசோ. இது அவன் சொன்னது இல்ல, என் பங்கு. அவன் ஏணியில வழுக்கல. தூங்கிக்கிட்டிருந்தவன் மேலேந்து அப்படியே விழுந்தான். விழுந்தப்புறமும் கொஞ்ச நேரம் உதறிக்கிட்டே இருந்தான். ஆபீசர்கிட்ட வழுக்கிட்டேன்னு சொல்லிட்டான். படிக்கறவர் பாத்தா பாக்கட்டும், அவனுக்கு மட்டும் நான் சொன்னேன்னு எழுதாத.

*

காகாஞ், ஜனவரி 14

அண்ணா,

சலாம். கை எப்படி இருக்கு? சுண்டு விரலை அசைக்க முடியுதா? அம்மாகிட்ட நீ பனியில சறுக்கினேன்னு சொல்லிட்டேன்.

ஏணி பத்தி நான் ஒண்ணும் கேக்கல. வெசோ அண்ணனுக்கு சலாம்.

இப்ப மைதானத்துல பயிற்சி. எங்க மாஸ்டர் பேரு சேயோ. முப்பது வருஷம் ஜெர்மனிக்கு ஓட்டினவர். வயித்தை ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல எப்படித்தான் நுழைக்கறாரோ. என்னை ராணின்னுதான் கூப்பிடறார்.

“ராணி, டிரெய்லர் மாமியார் மாதிரி. நீ இடது பக்கம் திருப்பினா அது வலது பக்கம் மூஞ்சியைத் திருப்பும். சண்டை போடாத. கொஞ்சம் விட்டுக்குடு, அப்புறம் மெதுவா உன் வழிக்குக் கொண்டுவா.”

“உங்களுக்கு மாமியாரோட ஒத்துப்போச்சா மாஸ்டர்?”

“அவளுக்குப் பயந்துதான் முப்பது வருஷம் ஜெர்மனி ஓட்டினேன்!”

பின்னாடி எடுக்கறப்போ முதல் நாள் ஓரத்துல வெச்ச நாலு கூம்பைச் சாச்சேன். இப்ப ஒண்ணுகூட இல்ல. டிரெய்லர் பிரேக்குக்குக் காத்து போற சிவப்புக் குழாய், மஞ்சள் குழாய், கொக்கி, பூட்டு எல்லாம் நானே மாட்டறேன். பிரேக்ல காத்து ஏறி புஸ்ஸுன்னு சத்தம் வரும் பாரு, அப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது.

ஒரே ஒரு விஷயம். பதினாலு வயசுல நீ மாடிப்படியில விழுந்தியே. அப்பவும் வழுக்கிட்டேன்னுதான் சொன்னே. அது ஏன் இப்ப எனக்கு ஞாபகம் வருதுன்னு தெரியல.

எழுது.
ஜெரி

*

காகாஞ், பிப்ரவரி 19

அண்ணா,

அஞ்சு வாரமா பதில் இல்ல. போன்லயும் அம்மாகிட்ட “நல்லா இருக்கேன்”ன்னு மட்டும் சொல்லி வெச்சுடறியாம். நாங்க இருக்கோம். நீ இருக்கியா?

சம்பளத்துக்கு ஓட்டறவங்களுக்குன்னு தனி வகுப்பு உண்டு இல்ல, அதுல ஒரு நாள் முதலுதவி. ஸ்லாவிட்சான்னு ஒரு நர்ஸ், ஒரு ரப்பர் பொம்மை, பதினோரு ஆம்பளை, நான். மார்ல எப்படி அழுத்தணும், ரத்தத்தை எப்படி நிறுத்தணும். எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமா போச்சு. அப்புறம் அந்தம்மா பொம்மையைக் கீழ போட்டு அதோட கையையும் காலையும் உதறிக் காட்டினாங்க.

“இது வலிப்பு. வாயில ஸ்பூன் வெக்காதீங்க, கையில சாவி குடுக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு மணியைப் பாருங்க. தூக்கத்துல வந்தா நாக்கைக் கடிச்சுக்குவாங்க, காலையில வலிக்கும். சிலர் விழவே மாட்டாங்க, கண்ணு திறந்தபடியே ஒரு நிமிஷம் காணாமப் போயிடுவாங்க. சிலருக்கு அதுக்கு முன்னாடி ஒரு வாசனை வரும். அங்க இல்லாத வாசனை.”

“எங்க வீட்டுச் சமையல்ல வருமே, அது மாதிரியா சிஸ்டர்?”ன்னு ஒருத்தன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். 

மாடிப்படியில நீ கிடந்தது, வாயில நுரை, அம்மா உன் கையில சாவியைத் திணிச்சது, ஹைரியா அத்தை ஈயக் கரண்டியோட ஓடி வந்தது, எல்லாம் அந்த ரப்பர் பொம்மை மேல தெரிஞ்சுது.

மூணு கேள்வி கேட்டேன். குடும்பத்துல ஓடுமா? ஓடலாம். தானா போயிடுமா? மருந்து வேணும். வண்டி ஓட்டலாமா?

“யாருக்குக் கேக்கற?”ன்னாங்க.

“தெரிஞ்சவருக்கு.”

“அப்ப அந்தத் தெரிஞ்சவரைச் சாவியைக் கீழ வெச்சுட்டு டாக்டர்கிட்ட போகச் சொல்லு.”

அண்ணா, நான் யாருக்குக் கேட்டேன்?

ஜெரினா

*

மார்ச் 6

ஜெரினா,

நலம். கை சரியாகிவிட்டது.

வகுப்பில் கேட்டதை வகுப்பிலேயே விட்டுவிடு. கடிதத்தில் எழுதாதே. என் வழக்கு முடிந்துபோன வழக்கு. தூங்கிவிட்டேன் என்று சொன்னேன், நீதிபதி எழுதிக்கொண்டார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

போன கடிதத்தைப் படித்துவிட்டுக் கொடுத்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நீ மட்டும் நிறுத்திவிடு. காரணம் கேட்காதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நிஹாத்

*

காகாஞ், மார்ச் 21

அண்ணா,

சலாம். நல்லா இருக்கோம்னு எழுதணும். எழுதிட்டேன்.

நிறுத்து, காரணம் கேக்காதேன்னா எப்படி? பரீட்சை ஏப்ரல் 17. அந்த ஸ்லோவேனியாக்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். என் பேர்ல வண்டியே ஒதுக்கிட்டாராம்.

இதை யார்கிட்டயும் சொல்லல. திங்கக்கிழமை டிரெய்லரோட ஜெனிட்சா ரோட்ல போனோம். பகல் பதினோரு மணி, நல்ல வெயில். பெட்ரோல் பங்க் தாண்டினது ஞாபகம் இருக்கு. அப்ப ஒரு வாசனை வந்துது. ஹைரியா அத்தை கரண்டியில ஈயம் காயும்போது வருமே, அதே. பிரேக் சூடாயிடுச்சோன்னு நினைச்சேன்.

அடுத்தது பாலம். வண்டி நிக்குது. சேயோ மாஸ்டர் பாதி என் மேல சாஞ்சு ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கார். அவர் பக்கத்துப் பிரேக்ல அவர் கால்.

“எங்கடி போன? மூணு தடவை கூப்ட்டேன்! செவிடா?”

“தூங்கிட்டேன் போலிருக்கு மாஸ்டர்.”

“கண்ணைத் திறந்துக்கிட்டா?”

“லாரி கழுவற வேலை மாஸ்டர், அசதி.”

“காபி குடிச்சுட்டு வா. பரீட்சையில இப்படிப் பண்ணினே, நானே உன்னை ஆத்துல தள்ளிடுவேன்.”

அண்ணா, பெட்ரோல் பங்க்குக்கும் பாலத்துக்கும் நடுவுல ஒரு சிக்னல் இருக்கு. ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி பிள்ளைங்க ரோட்டைக் கடக்கற வெள்ளைக்கோடு இருக்கு. என்கிட்ட அது ஒண்ணுமே இல்ல, யாரோ கத்தரிச்சு எடுத்த மாதிரி. திரும்பி வரும்போது அந்த வெள்ளைக்கோட்டையே பாத்துக்கிட்டு வந்தேன். ரெண்டு பிள்ளைங்க கையைக் கோத்துக்கிட்டு நின்னுதுங்க.

தூக்கமாத்தான் இருக்கும். எனக்குத் தூக்கமாத்தான் இருக்கணும்.

ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு அந்த ரோட்ல நீ தூங்கினியா? ஆமான்னு எழுது, நான் பரீட்சைக்குப் போறேன். இல்லைன்னா இல்லைன்னு எழுது. பதில் வரலேன்னா ஆமான்னு எடுத்துப்பேன்.

ஜெரி

*

ஏப்ரல் 5

ஜெரி,

இல்ல.

இதைத் திறந்து படிக்கிற ஐயா, நீங்களும் படிச்சுக்கோங்க. யாருக்கு அனுப்பணுமோ அனுப்புங்க. இனிமே மனு மாதிரி எழுதப் போறதில்ல.

நான் தூங்கல. அன்னிக்கு நல்லாத் தூங்கி எழுந்துதான் வண்டி எடுத்தேன். சுரங்கப் பாதையைத் தாண்டினதும் ஈய வாசனை வந்துது. பிரேக்னு நினைச்சேன். நீ நினைச்ச அதே தான்டி. உன் கடிதத்துல அந்த வரியைப் படிச்சதும் அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

அப்புறம் எதுவும் இல்ல. கண்ணு தெரியறப்போ வண்டி தடுப்புல மோதி நிக்குது, ரோடெல்லாம் ஆரஞ்சுக் கூம்பு. ஒருத்தரோட பூட்ஸ் தனியா நின்னுக்கிட்டிருந்துது, கழட்டி வெச்ச மாதிரி. கண்ணாடியில அந்த ஈயத்துண்டு ஆடிக்கிட்டே இருந்துது.

எனக்கு அது முதல் தடவை இல்ல. அதுக்கு முன்னாடி வண்டி நிக்கறப்போ ரெண்டு தடவை வந்திருக்கு. எனக்குத் தெரியும். நோய்னு பேரு வெக்காததால அது இல்லைன்னு சொல்லிக்கிட்டேன். அந்த நரம்பு டாக்டர் என்னையும் கேட்டார். நானும் உன்னை மாதிரியே இல்லைன்னேன். கோர்ட்ல தூக்கம்னு சொன்னா, பாவம், அசந்துட்டான்னுவாங்க. வரும்னு தெரிஞ்சே ஏறி உக்காந்தவனுக்கு என்ன பேரு? அந்தப் பேரைக் கேக்க எனக்கு தைரியம் இல்ல. செத்தவங்க வீட்டுக்காரங்க எனக்கு எதிர்ல உக்காந்திருந்தாங்க ஜெரி. அவங்க முன்னாடியும் சொல்லல.

இங்க வந்தப்புறம் நாலு தடவை. கீழ்க் கட்டில் குடுங்கன்னு கேட்டா ஏன்னு கேப்பாங்க. அதனால இன்னும் மேலயேதான் படுக்கறேன். கண்ணை மூடவே பயமா இருக்கு.

அக்டோபர்லயே எழுதியிருக்கணும். உன் முதல் கடிதத்துல அந்த “இல்ல”வைப் பாத்த அன்னிக்கே. படிக்கறவருக்குப் பயந்து ஆறு மாசம் உன்னை வண்டியில விட்டுவெச்சேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னாடியும் விட்டேன்.

பதினேழாம் தேதிக்குள்ள இது உன் கைக்கு வரணும். போன்ல அம்மா அழறப்போ அவகிட்ட இதைச் சொல்ல என்னால முடியாது. வரலைன்னா என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல. ஏறாதடி.

நிஹாத்

*

காகாஞ், ஏப்ரல் 23

அண்ணா,

எனக்கு உடம்புக்குக் குறை இருக்கு. உனக்கும் இருக்கு. இந்தத் தடவை அதுலேந்தே ஆரம்பிக்கறேன்.

உன் கடிதம் பதினேழாம் தேதி காலையில, நான் ஷூ மாட்டிக்கிட்டிருக்கும்போது வந்துது. வாசப்படியில நின்னே படிச்சேன். அப்புறம் பரீட்சைக்குக் கிளம்பிப் போனேன். ஆமா, போனேன். நீ எழுதினதைப் படிச்சுட்டும் போனேன். பஸ்ல ஜெனிட்சா வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்: ஒரு தடவைதானே, இன்னிக்கு வராது, லைசென்ஸை வாங்கி வெச்சுட்டு மருந்து சாப்பிடலாம், யாருக்குத் தெரியும்? எவ்வளவு சுலபமா வருது தெரியுமா அந்தப் பேச்சு? உனக்குத் தெரியும்.

கொக்கி மாட்டினேன், குழாய் மாட்டினேன், கூம்பு ஒண்ணும் சாயாம பின்னாடி எடுத்தேன். சேயோ மாஸ்டர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். இனி ரோடு மட்டும் பாக்கி. ஏறி உக்காந்து கண்ணாடியைச் சரி பண்ணினேன். பிரேக்ல இருந்த காத்து புஸ்ஸுன்னு இறங்கிச்சு. பரீட்சை எடுக்கறவர் பின் சீட்ல பேப்பரோட உக்காந்திருந்தார்.

“வலது பக்கம் திரும்பி, பள்ளிக்கூட ரோடு வழியா போ.”

சாவி வரைக்கும் கை போச்சு, அண்ணா. திருப்ப வரல.

“என்ன பொண்ணே, பயமா இருக்கா? எல்லாருக்கும் இருக்கும். மூச்சை நல்லா இழுத்து விடு.”

“சார், எனக்கு வலிப்பு வரும்.”

அந்த வார்த்தையை நம்ம வீட்டுல யாரும் ஒரு தடவைகூட சொன்னதில்ல. எவ்வளவு சின்ன வார்த்தை!

அவர் பேனாவை மூடினார். பக்கத்து சீட்ல இருந்த சேயோ மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்குப் பாலத்துல?”

“ஆமா மாஸ்டர்.”

திட்டுவார்னு நினைச்சேன்.  இறங்கிப் போய் நடைபாதை ஓரத்துல உக்காந்துட்டார். சிகரெட் பத்த வெக்கப் பாத்தார், மூணு குச்சி அணைஞ்சுடுச்சு. கிட்டப் போனதும், “அந்த ஸ்கூல்ல என் பேத்தி படிக்கறா”ன்னு மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அவ ஹைரியா அத்தையைக் கூட்டிக்கிட்டு வந்துட்டா, அடுப்புல ஈயம். வாசனை வந்ததும் நான் அலறிட்டேன் அண்ணா. அது அடுப்புலேந்து வருதா என் தலைக்குள்ளேந்து வருதான்னு எனக்குத் தெரியல. அம்மா அடுப்பை அணைச்சுட்டு என் கையை விடாம பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

செவ்வாக்கிழமை ஜெனிட்சாவுல டாக்டர்கிட்ட போறேன். ஸ்லோவேனியாக்காரருக்கு வரலேன்னு சொல்லிட்டேன். கழுவற வேலை இருக்கு. ஆனா இப்ப ஏணி ஏறி மேல் பக்கம் கழுவ மாட்டேங்கறேன், கீழ மட்டும்தான். ஒவ்வொரு வண்டி உள்ள வரும்போதும் ஓட்டறவன் கண்ணைப் பாக்கறேன்.

உன் வக்கீல் போன் பண்ணினார். நீ எழுதினது மேல போயிடுச்சாம். வழக்கைத் திரும்பத் திறக்கலாமாம், வருஷம் கூடலாமாம். அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். செத்தவங்க வீட்டுக்கு நீ எழுதப் போறியா? எழுதினா நானும் கீழ கையெழுத்துப் போடறேன்.

ஐயா, இதைத் திறந்து படிக்கிறவரே. உங்க பேரு தெரியாது. எங்க அண்ணன் எழுதினது எல்லாம் உண்மை. தண்டனை எவ்வளவுன்னு நீங்க முடிவு பண்ணப் போறதில்ல, அது தெரியும். உங்களால முடிஞ்ச ஒண்ணு இருக்கு. இந்தக் கடிதத்தை அவன்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே அதைப் பண்ணிடுங்க.

அவனுக்குக் கீழ்க் கட்டில் குடுங்க.

ஜெரினா